ஸ்டான்லியை நம்பிப் போகலாமா?

திருவொற்றியூருக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "வட சென்னையில் இவ்வளவு தனியார் மருத்துவமனைகள் வந்துவிட்டன. அப்படியும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கூட்டம் ஏன் குறையவில்லை? வேறு வழியில்லாதவர்கள் போகிற இடம் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். வீட்டில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள். தம்பி பட்டறையில் தகடு அடிக்கிற பவர் பிரஸ் ஓட்டுகிறான். அவசரம் என்றால் ஸ்டான்லிக்கு நம்பிப் போகலாமா?"

போகலாம். உங்கள் தம்பி செய்கிற வேலைக்கு, அந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது, கேஷுவாலிட்டி வாசல் எந்தப் பக்கம் என்று அவருக்கு இப்போதே தெரிந்திருப்பது நல்லது. அதே சமயம், உங்கள் பெற்றோரின் சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் அங்கே போய் வரிசையில் நிற்கத் தேவையில்லை. இந்த இரண்டையும் விளக்கினால் கூட்டத்துக்கான காரணமும் தானாகவே வந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வரி. வட சென்னைப் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் அடிபட்டவர்களுக்கு இழப்பீட்டு மனு எழுதித் தருகிற வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் காயம்பட்டவர்களின் கேஸ் ஷீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வரி விடாமல் படிப்பது என் தொழில்.

"வேறு வழியில்லாதவர்கள் போகிற இடம்" என்று சொல்கிறார்களே, அதில் பாதி உண்மை. அந்த ஆஸ்பத்திரி பிறந்ததே அப்படித்தான். 1780-இல் ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. ஊர்கள் பாழாகிப் பஞ்சம் வந்தது. பிழைக்க வழியில்லாத ஜனங்கள் சென்னையை நோக்கி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக 1782-இல் ஊர் மதிலுக்கு வெளியே ஒரு சத்திரம் வந்தது. அதுதான் மணியக்காரர் சத்திரம். 1799-இல் ஜான் அண்டர்வுட் என்கிற உதவி அறுவை மருத்துவர் உள்ளூர் மக்களுக்காக ஒரு சிறு மருத்துவமனை தொடங்கினார். சில வருடங்களில் அது சத்திரத்தோடு சேர்ந்தது. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அங்கிருந்த மருத்துவப் பள்ளிக்கு 1930-களில் அப்போதைய கவர்னர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள், 1938-இல் அது கல்லூரியானது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்து வயசாளிகள் சிலர் இன்னமும் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வார்கள். அந்தச் சத்திரம் இன்றைக்கும் பக்கத்திலேயே முதியோர் இல்லமாக இருக்கிறது.

ஆக, எங்கிருந்தோ அடிபட்டும் பசித்தும் வந்தவர்களுக்காக ஏற்பட்ட இடம் அது. அந்த வேலையை அது இன்னும் விடவில்லை. ஆனால் ஏழைகள் வருகிற இடம் என்பதால் மட்டமான வைத்தியம் என்று கணக்குப் போட்டால் அங்கேதான் தப்பு நடக்கும். ஸ்டான்லி எதிலெல்லாம் பேர் வாங்கியதோ அதெல்லாம் சுற்றியிருக்கும் ஜனங்களின் காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் வந்த திறமை. இதற்குக் கை அறுவைப் பிரிவைவிட நல்ல சாட்சி கிடையாது.

தண்டையார்பேட்டையிலிருந்து மணலி, எண்ணூர் வரைக்கும் போய்ப் பாருங்கள். தகடு வளைக்கிற பட்டறை, பிளாஸ்டிக் வார்க்கிற பட்டறை, லேத், பவர் பிரஸ். காசிமேட்டில் படகு, கயிறு, விஞ்ச். பவர் பிரஸ்ஸில் தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் மேல் டை, அதாவது தகட்டை அழுத்துகிற இரும்பு அச்சு, இறங்கிவிட்டால் விரல் போச்சு. பாதுகாப்புக் கம்பியைக் கழற்றிவிட்டால் ஒரு ஷிஃப்டில் கூடுதலாகப் பீஸ் அடிக்கலாம் என்று முதலாளி சொல்வார், ஆளும் கழற்றிவிடுவார். இதோடு மாஞ்சா நூல் வேறு. தடை போட்டும் வட சென்னை மொட்டை மாடிகளில் அது போகவில்லை. ஆக, ஒரு நாட்டில் எத்தனை வகைக் கைக் காயம் இருக்க முடியுமோ அத்தனையும் சில மைல் சுற்றளவில் தினசரி நடக்கிறது.

இப்படி வந்தவர்களை வெறுமனே தையல் போட்டு, நசுங்கிய விரலை எடுத்துவிட்டு அனுப்புவது ஒரு வழி. 1970-களில் ஸ்டான்லியின் பிளாஸ்டிக் சர்ஜரி பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வேறு வழியில் போனார். கைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தார். விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டு எலும்பு தெரிகிற காயத்துக்கு, பக்கத்துத் தோலையும் சதையையும் முக்கோணமாக விடுவித்து, ரத்தக் குழாயும் நரம்பும் அறாமல் முன்னே நகர்த்தி மூடுகிற முறையை அவரும் என். சுப்பிரமணியனும் 1980-இல் எழுதினார்கள். அதன் அருமை என்னவென்றால், விரலின் நீளம் குறையாது, நுனியில் தொடு உணர்ச்சியும் இருக்கும். லேத் ஓட்டுகிறவனுக்கு நுனி விரலில் உணர்ச்சி இருந்தால்தான் கடைகிற பொருள் சூடேறுவது தெரியும். உலகம் முழுக்கக் கை அறுவை நிபுணர்கள் இன்றைக்கு அந்த முறையை அவர் பெயர் சொல்லிப் படிக்கிறார்கள். அது பிறந்தது பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இல்லை. பழைய ஜெயில் ரோட்டில், வட சென்னைத் தொழிலாளியின் விரலில். எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

அந்தப் பிரிவு இன்று கைகளுக்கான ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையமாக வளர்ந்திருக்கிறது. 2018 பிப்ரவரியில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்தினார்கள். தமிழ்நாட்டில் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. செய்தது அரசு ஆஸ்பத்திரி. செலவைக் கட்டியதும் அரசுதான்.

சரி, உங்கள் தம்பிக்கு வருகிறேன். இதை அவரிடமும் அவர் பட்டறையில் இருக்கும் மற்றவர்களிடமும் சொல்லி வையுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டை ஐஸில் நேராகப் போடக்கூடாது. தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ ஊறவைக்கவும் கூடாது. சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் இருக்கும் இன்னொரு கவருக்குள் வைக்க வேண்டும். நேராக ஐஸ் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும், பிறகு ஒட்டவைக்க முடியாது. வெட்டுப்பட்ட கையைச் சுத்தத் துணியால் இறுக்கி அழுத்தி, நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்பதால் டீ கூடக் கொடுக்க வேண்டாம். நேரம்தான் முக்கியம், குறிப்பாகக் கையோ மணிக்கட்டோ அறுந்தால். சதை அதிகம் இருக்கிற இடம் சில மணி நேரத்தில் செத்துவிடும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் தையல் போட்டு, அங்கிருந்து இன்னொரு நர்சிங் ஹோம், அங்கே எக்ஸ்ரே, மறுநாள் காலையில் ஸ்டான்லி என்று சுற்றி வந்தால் அங்கே எவ்வளவு பெரிய நிபுணர் இருந்தும் பயனில்லை. நான் எழுதிய மனுக்களில் விரலை இழந்த பலருக்கு அப்படித்தான் நேரம் போயிருக்கிறது.

இதற்கு அடுத்த விஷயம் மருத்துவம் சம்பந்தப்பட்டதில்லை. ஆனால் அதே அளவுக்கு முக்கியம். கேஷுவாலிட்டியில் நுழைந்ததும் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். ஏ.ஆர். என்பார்கள். எப்போது, எங்கே, எதனால், யார் கூட்டி வந்தது என்கிற நாலு வரி. பின்னால் இழப்பீடு கேட்கிறபோது மொத்த வழக்கும் அந்த நாலு வரியில்தான் நிற்கும். "இன்ன கம்பெனியில், பவர் பிரஸ் மெஷினில், வேலை செய்யும்போது" என்று எழுதியிருந்தால் ஒரு கதை. "வீட்டில் வழுக்கி விழுந்து" என்று எழுதியிருந்தால் வேறு கதை.

யார் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அங்கே என்ன எழுதப்படும் என்பது. ஸ்டான்லியைச் சுற்றியிருக்கிற மக்களை நினைத்துப் பாருங்கள். காசிமேட்டு மீனவர்கள், ராயபுரத்தில் தலைமுறைகளாக வாழும் தெலுங்கு பேசும் குடும்பங்கள், ஆங்கிலோ இந்தியர்கள், மண்ணடியில் தமிழ் முஸ்லிம்களும் உருது பேசுகிறவர்களும், சௌகார்பேட்டையில் மார்வாடிகளும் குஜராத்திகளும், வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள். ராயபுரத்தில் பார்சிகளின் அக்னிக் கோயில்கூட இருக்கிறது. வடக்கே தடா, சூளூர்ப்பேட்டையிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் உண்டு. இவர்களுக்கெல்லாம் எப்படியோ பேச்சு ஓடிவிடும். தெலுங்கு தெரிந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ், உருது தெரிந்த ஒரு செக்யூரிட்டி எப்போதும் இருப்பார். பழைய ஊர், பழைய பழக்கம்.

இப்போது பெரிய எண்ணிக்கையில் வருகிறவர்கள் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்து வந்து துறைமுகத்திலும் மணலியிலும் கும்மிடிப்பூண்டியிலும் வேலை செய்கிற இளைஞர்கள். அடிபட்டு வரும் பையனுக்குத் தமிழ் தெரியாது. ஹவுஸ் சர்ஜனுக்கு, அதாவது பயிற்சி டாக்டருக்கு, இந்தி தெரியாமல் இருக்கலாம். அந்தப் பையனுக்கே இந்தி சரளமாக வராமல், ஒடியாவோ சந்தாலியோ மட்டும் பேசலாம். அப்போது இடையில் நின்று பேசுகிறவர் யார்? அவனை வேலைக்குக் கூட்டி வந்த கான்ட்ராக்டர் அல்லது சூப்பர்வைசர். நடுராத்திரியில் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவரும் அவர்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலையிடத்தில் நடந்தது என்று பதிவானால் பணம் கட்ட வேண்டியவரும் அவர் தரப்புதான். ஆக, யாருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டுமோ அவரே வாயாக இருக்கிறார். இதைவிட அநியாயமான ஏற்பாடு இருக்க முடியாது என்று நினைக்கிறேன். மருத்துவர் மேல் குற்றமில்லை. அந்த நேரத்தில் ரத்தத்தை நிறுத்துவதா, இந்தி தெரிந்த ஆளைத் தேடுவதா? அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். இந்தி, தெலுங்கு, வங்காளி, ஒடியா, உருது என ஐந்து மொழிக்கு ஆள் போட்டாலே போதும். ஒரு ஸ்கேன் மெஷின் வாங்குகிற செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்குவதிலும் இதே பிரச்சினைதான். என்ன செய்யப் போகிறார்கள் என்று புரியாமல் வைத்த கைநாட்டு சம்மதம் ஆகாது.

உங்கள் தம்பிக்குத் தமிழ் தெரியும், ஆகவே அவருக்கு இந்தச் சிக்கல் பாதிதான். மீதிப் பாதிக்கு நீங்கள் செய்ய வேண்டியது: யார் கூட்டிப் போனாலும் வீட்டாளும் உடனே போய்ச் சேருங்கள், ஏ.ஆரில் வேலையிடமும் மெஷினும் எழுதப்பட்டதா என்று கேளுங்கள், நகல் வாங்க வேண்டிய முறையை அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமாக இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்க வேண்டும். இருந்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் அவருக்கு உரியது. இ.எஸ்.ஐ. இல்லாத இடங்களுக்கு 1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 2025 நவம்பரிலிருந்து அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பழைய சட்டத்தின் முதல் அட்டவணையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, அதில் ஒரு கணு மட்டும் போனால் 9 என்று எழுதியிருந்தது. எந்தக் கணுவில் போனது என்கிற மருத்துவரின் குறிப்புக்கு இப்படி ஒரு பண மதிப்பு உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் இதைச் சரிபாருங்கள்.

இனி கூட்டம் பற்றி.

முதல் காரணம், அது கடைசி நிறுத்தம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, பொன்னேரி என்று சுற்றியிருக்கும் அரசு மருத்துவமனைகளில் முடியாததெல்லாம் இங்கே அனுப்பப்படுகிறது. தனியாரிலிருந்தும் வருகிறது. இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஐ.சி.யூ.வில் நாலைந்து நாள் வைத்துப் பார்த்து, வீட்டில் நகை போய், கடனும் வாங்க முடியாத நிலை வந்ததும் "ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்கள்" என்று எழுதிக் கொடுப்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்படி வந்து சேர்கிறவர் நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பார். அவர் இறந்தால் அந்தச் சாவு அரசு ஆஸ்பத்திரியின் கணக்கில் விழுகிறது. "ஸ்டான்லிக்குப் போனால் திரும்ப மாட்டார்கள்" என்கிற பேச்சு இப்படித்தான் ஊருக்குள் கிளம்புகிறது. முதல் நாளே அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இரண்டாவது காரணம் நேர் எதிரானது. அங்கே போகத் தேவையில்லாதவர்களும் போகிறார்கள். சளி, முட்டி வலி, பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை. பெரிய டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருப்பார் என்கிற நம்பிக்கை தலைமுறைகளாக வந்தது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் சென்னையில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பெற்றோரை உங்கள் வார்டு சுகாதார நிலையத்தில் பதிந்துவிடுங்கள். அங்கே பார்த்து, பெரிய இடம் தேவை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டோடு போவது எல்லோருக்கும் எளிது.

வியாசர்பாடியில் திருவேங்கடம் என்று ஒரு மருத்துவர் இருந்தார். ஸ்டான்லியில் படித்தவர். இரண்டு ரூபாயில் தொடங்கி, கடைசி வரைக்கும் ஐந்து ரூபாய்தான் வாங்கினார். 2020-இல் அவர் இறந்தபோது வட சென்னையே கலங்கியது. அவரைப் போன்றவர்கள் தெருவில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தால்தான் ஸ்டான்லி வாசலில் நெரிசல் குறையும். ஐந்து ரூபாய் வாங்கியதை மட்டும் எல்லோரும் பேசினார்கள். ஒரே தெருவில் பல்லாண்டுகள் இருந்து, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை நோயையும் தெரிந்து வைத்திருந்தார் என்பதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

மூன்றாவது காரணம் இலவசம். இதைச் சிலர் இளக்காரமாகச் சொல்வார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாத்திரை இலவசமாகக் கிடைப்பதற்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்ட பிறகு, மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் டெண்டர் விட்டு, மருந்தைத் தரம் பார்த்து வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்ப் பின்பற்றிய ஏற்பாடு இது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்கள். "அரசு ஆஸ்பத்திரியில் எப்படியும் இலவசம்தானே, அட்டை எதற்கு?" என்று பலர் கேட்பார்கள். நீங்கள் அட்டையைக் காட்டினால் காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வருகிறது. விலை கூடிய கருவிகளை வாங்க அந்தப் பணம் உதவுகிறது.

கல்லீரலைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். குடியும் மஞ்சள் காமாலையும் இந்தப் பகுதியில் எவ்வளவு குடும்பங்களைத் தின்றிருக்கின்றன என்று உங்களுக்கே போகப் போகத் தெரியும். தனியாரில் பல லட்சம் ஆகிற கல்லீரல் மாற்று அறுவையை அரசு மருத்துவமனைகளில் முன்னோடியாகச் செய்தது ஸ்டான்லி. அங்கே குடலியல் பிரிவுக்கு மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் அனுப்புகிறார்கள். கைக்குச் சொன்ன அதே கணக்குதான் இதற்கும்: எந்த நோய் அதிகம் வருகிறதோ அதில் கை தேர்கிறது.

பிரசவம் என்றால் ஸ்டான்லி வளாகத்துக்குப் போகாதீர்கள். ராயபுரத்தில் இருக்கும் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைதான் அதற்கு. ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருப்பது, ஸ்டான்லியோடு இணைந்தது. வலி வந்த பிறகு ஆட்டோவில் இரண்டு இடமும் சுற்றுகிறவர்கள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

உள்ளே எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அது தெரியாததால்தான் பாதிப் பேர் நொந்து போகிறார்கள். ஓ.பி., அதாவது வெளிநோயாளிகளைப் பார்ப்பது, காலையில்தான். ஏழரைக்கெல்லாம் போய்ச் சீட்டு வாங்கிவிட்டால் மதியத்துக்குள் முடியும். பதினோரு மணிக்குப் போய் நின்றால் அன்றைய நாள் வீண். பெரிய பிரிவுகள் யூனிட் யூனிட்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு ஓ.பி. நாள் உண்டு. உங்களை முதலில் பார்த்தது எந்த யூனிட், அதன் சீஃப் யார், எந்தக் கிழமை என்று சீட்டில் இருக்கும். மறுமுறை அதே கிழமையில் போங்கள். கிழமை தவறிப் போனால் வேறு யூனிட் டாக்டர் உங்களைப் புதிதாகப் பார்ப்பார், முதலிலிருந்து டெஸ்ட் ஆரம்பிக்கும். பழைய சீட்டு, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். காலையில் யூனிட் சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது நோயாளி பக்கத்தில் வீட்டார் ஒருவர் இருப்பது நல்லது. கேட்க வேண்டிய கேள்வியை அப்போது கேட்டால்தான் பதில் கிடைக்கும். மற்ற நேரத்தில் இருக்கும் பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர் தூங்காமல் வேலை செய்துகொண்டிருப்பார். அவர் முகம் கடுகடுப்பாக இருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேஷுவாலிட்டியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். உயிர் போகிற நிலை சிவப்பு. காத்திருக்கக் கூடியது பச்சை. உங்களுக்குப் பிறகு வந்தவரை முதலில் உள்ளே எடுத்தால் அதற்கு இதுதான் காரணம். பெற்றோருக்கு வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்து வைத்து அதைச் சொல்லுங்கள். நெஞ்சு வலி என்றாலும் 108-க்கு அடியுங்கள். அவர்களுக்கு எங்கே கொண்டு போக வேண்டும் என்று தெரியும். சாலை விபத்துக்கு 2021 டிசம்பரில் வந்த திட்டத்தின்படி, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதனால் துறைமுக லாரிகள் நெரிக்கும் எண்ணூர் சாலையில் விபத்து என்றால், ஸ்டான்லிதான் என்று அடம்பிடிக்காமல், பக்கத்தில் இருக்கும் இடத்தில் முதலில் உயிரைப் பிடித்து நிறுத்துங்கள்.

பெரிய அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றின் மேலும் உள்ள ஒரு புகாரை நான் மறைக்கப் போவதில்லை. வீல்சேர் தள்ள, ஸ்ட்ரெச்சர் தள்ள, குழந்தை பிறந்த சேதி சொல்லக் காசு கேட்பது. தொகை சிறியதாக இருக்கலாம், ஆனால் கையில் பஸ் காசு மட்டும் வைத்திருப்பவருக்கு அது அவமானம். கேட்கிறவர் பெரும்பாலும் தனியார் ஒப்பந்தத்தில் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்பதும் உண்மைதான். அதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை. ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், 104 என்கிற அரசு சுகாதார உதவி எண்ணிலும் சொல்லலாம். வாயால் சொல்லிவிட்டு வருவதைவிடத் தாளில் எழுதிக் கொடுத்தால் மதிப்பு அதிகம்.

2020 கொரோனாவின் முதல் மாதங்களில் சென்னையிலேயே அதிகம் அடிவாங்கியது ராயபுரம் மண்டலம். பத்தடிக்குப் பத்தடி வீட்டில் ஆறு பேர் இருக்கிற தெருக்களில் தனிமைப்படுத்திக்கொள்ளச் சொன்னால் எங்கே போவது? அப்போது ஸ்டான்லியில் வேலை பார்த்த நர்ஸுகளும் தூய்மைப் பணியாளர்களும் பலர் அதே தெருக்களில் வாழ்கிறவர்கள். நோயாளியும் அவர்களும் ஒரே தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்தவர்கள். "வேறு வழியில்லாதவர்கள் போகிற இடம்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இவர்கள் முகம்தான் நினைவுக்கு வரும்.

கொளத்தூர் பெரியார் நகரில் 2025-இல் பெரிய அரசு மருத்துவமனை திறந்திருக்கிறார்கள், மேற்குப் பக்கத்துக் கூட்டம் கொஞ்சம் அங்கே போகும். உங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லிதான். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை வந்து ஆட்டோ பிடித்தால் லாரி நெரிசலில் மாட்ட வேண்டாம். ஒரு நாள் அவசரம் இல்லாத நேரத்தில் தம்பியோடு போய் கேஷுவாலிட்டி எங்கே, கை அறுவைப் பிரிவு எங்கே, காப்பீட்டு கவுண்டர் எங்கே என்று பார்த்துவிட்டு வாருங்கள். அவர் பட்டறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இ.எஸ்.ஐ. எண் கொடுத்திருக்கிறார்களா, பிரஸ்ஸில் பாதுகாப்புக் கம்பி இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். எண் கொடுக்கவில்லை என்றால் அடுத்து என்ன மனு போட வேண்டும் என்று எழுதுகிறேன்.